லோட்-பேர்-இங்

மார்ச் 3

என் அக்காவுக்கு,

இங்கே நானும் என் நாக்கும் ஒருவழியாகக் காலம் தள்ளுகிறோம். நீயும் அத்தானும் சுகமாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று அத்தானிடம் புலம்பியிருப்பாய். நான் பேசாமல் இல்லை. 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்து அந்த 'அ'விலேயே நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் நீ, "சாப்பிட்டியாடா, சாப்பிட்டிருப்ப. வேலை எப்படி, பரவாயில்லதானே. சரி, உடம்பப் பாத்துக்க, வச்சிடறேன்" என்று கேள்வியையும் கேட்டு, பதிலையும் சொல்லி, வைத்தும் விட்டாய். அதனால்தான் ஊரை விட்டு வந்த நாளிலிருந்து சொல்கிறேன், நமக்குள் கடிதமே போதும். கடிதத்தில் நான் திக்குவதில்லை. பார், என்ன வாயாடியாக இருக்கிறேன்.

ஒரு சேதி. என்னை வரைபட அறையிலிருந்து கட்டட வேலை நடக்கிற இடத்துக்கே மாற்றிவிட்டார்கள். பழைய இரண்டு மாடி அலுவலகம் ஒன்றை வாடகை அறைகளாக மாற்றுகிறோம். கீழ்த்தளத்தில் பாதிச் சுவர்களை இடித்துவிட்டுப் பெரிய கூடம் வரப்போகிறது. படம் போட்டவன் நான். அதனால் எது போகவேண்டிய சுவர், எது நிற்கவேண்டிய சுவர் என்று நானே இருந்து காட்டவேண்டும் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார். இந்தக் கட்டடம் ஒழுங்காக முடிந்தால் எனக்கு இதே வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசை. அந்த மேசையில் நான் எத்தனை காலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டேன் என்று உனக்குத் தெரியும். திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை அக்கா. வெயிலும் தூசியும் சத்தமும் எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் இங்கே ஒரு வார்த்தை இருக்கிறது. மேல்மாடியின் பாரத்தைத் தாங்கி நிற்கிற சுவருக்கு 'லோட்-பேரிங்' சுவர் என்று பெயர். அதில் கை வைத்தால் மாடி தலையில் இறங்கும். மற்றவை வெறும் தடுப்பு, இடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை எல்லோரும் என்னைக் கேட்பது இந்த ஒன்றைத்தான். "இது லோட்-பேரிங்கா தம்பி?" எனக்கோ 'ல' என்றால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பசை போட்டதுபோல. தலையாட்டி ஒப்பேற்றுகிறேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் ஒருத்தியிடம் போக ஆரம்பித்திருக்கிறேன். என்னைவிடச் சின்னப் பெண். அவள் அந்த வார்த்தையைப் பலகையில் எழுதி மூன்றாக வெட்டினாள். லோட், பேர், இங். முதல் துண்டு சுமை. இரண்டாவது தாங்கு. மூன்றாவதுக்குத் தனியாக அர்த்தமே இல்லை, ஒட்டிக்கொண்டு வருகிற வால். நடுவில் ஒரு சின்னக் கோடு. இரண்டு சொல்லைச் சேர்த்து ஒரே குணமாக்க அந்தக் கோடாம்.

தமிழில் நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறோம், ஆங்கிலத்தில் அப்படி இல்லை, ஓரவஞ்சனை உண்டு என்றாள். முதல் அசைக்கு முழு அழுத்தம், நடு அசைக்கு அரை அழுத்தம், கடைசியை யாரும் கண்டுகொள்வதே இல்லை. மூத்த பிள்ளைக்கு முழுச் செல்லம், கடைக்குட்டி கவனிப்பாரில்லாமல் வளரும் என்று அவள் சொன்னபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது.

என் சிக்கலே அந்த மூத்த பிள்ளையிடம்தான். முழு பலமும் எங்கே விழவேண்டுமோ அங்கேதான் எனக்கு அடைக்கிறது. அதனால் வாயால் சொல்வதற்கு முன்னால் கையால் தட்டச் சொன்னாள். ஓங்கி ஒன்று, கொஞ்சம் தணித்து ஒன்று, விரல் நுனியால் ஒன்று. தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 9

டேய் சின்னவனே,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலேயே பிரித்துப் படித்தேன். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும். நாள் முழுக்க அவர்கள் பேரைத்தானே கத்திக் கத்திக் கூப்பிடுகிறேன், ஒரு நிமிஷம் என் தம்பிக்குக் கிடையாதா?

முதலில் சண்டை. மூத்த பிள்ளைக்கு முழுச் செல்லமா? நம் வீட்டிலா? உனக்குக் காய்ச்சல் என்றால் வீடே முழித்திருக்கும். எனக்குக் காய்ச்சல் என்றால் தம்பியை அந்தப் பக்கம் தள்ளிப் படுக்கவை, அவனுக்கு ஒட்டிக்கொள்ளப் போகிறது என்பார்கள். உன் டீச்சரிடம் சொல், ஆங்கிலம் எப்படியோ போகட்டும், எங்கள் வீட்டில் அழுத்தமெல்லாம் கடைசியில்தான் என்று.

அடுத்து ஒரு சந்தேகம். எதற்கு இந்த ஆங்கில வார்த்தையோடு மல்லுக்கட்டுகிறாய்? சுமை தாங்கும் சுவர் என்று அழகாகத் தமிழில் சொல்லிவிட்டுப் போயேன். அத்தானிடம் கேட்டேன். அவர் பெரிய பண்டிதர்போல யோசித்து, 'பேர்' என்றால் கரடி என்றார். சுமை தூக்குகிற கரடிச் சுவர் என்று பையனை எழுதச் சொல் என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். இப்படி ஒருத்தரோடு குடித்தனம் நடத்துகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கேள்வியும் நானே, பதிலும் நானே என்று குத்திக்காட்டியிருக்கிறாய். நான் உனக்கு எடுத்துக்கொடுக்கிறேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் உன் பேரைக்கூட நான்தானே சொல்வேன். நீ ஒரு எழுத்தில் நின்றுகொண்டு கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக்கிக்கொண்டு தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? உனக்கு வருகிற திக்கல் எனக்கு நெஞ்சில் வருகிறது. அதைத் தாங்க முடியாமல்தான் முடித்துவைக்கிறேன். இது ஒரு குற்றமா?

ஆனாலும் எனக்குப் பெருமைதான். மேசையில் நானும் தட்டிப் பார்த்தேன். ஓங்கி, தணித்து, நுனியால். பக்கத்து மேசை நர்ஸ் எனக்குக் கை வலியோ என்று தைலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

தலைக்குத் தொப்பி போட்டுக்கொள். செங்கல் உன் திக்கலைப் பார்த்து விழாமல் இருக்காது.

அக்கா

மார்ச் 17

அக்கா,

கரடிச் சுவரைப் பற்றி இங்கே சொன்னேன் (எழுதிக் காட்டினேன்). எல்லோரும் அத்தானை வேலைக்கு வரச் சொல்கிறார்கள்.

தமிழில் சொல்லேன் என்கிறாய். சொன்னேனே. 'சு'விலும் அடைக்கிறது. அதோடு ஒரு நாள் கஷ்டப்பட்டு முழுசாகச் சொல்லி முடித்தபோது மேஸ்திரி ஏதோ செய்யுள் சொல்கிறேன் என்று நினைத்துக் கைதட்டினார். இந்த வேலையில் அந்தச் சுவருக்கு இருப்பது அந்த ஒரே பேர்தான். அதைச் சொன்னால் கை தானாக நிற்கும். வேறு எதைச் சொன்னாலும் "என்ன, என்ன" என்று கேட்டு நிற்பார்கள்.

இங்கே இருப்பவர்களை உனக்குச் சொல்லவில்லையே. மேஸ்திரி நல்ல மனிதர், அவசரக்காரர். உன் ஜாதி. நான் வாயைத் திறந்தால் மூன்று வார்த்தை முன்னால் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். சுவர் இடிக்கிற ஆளை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சம்மட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தால் ஆள் ஒரு கதவு அகலம். குரல் மட்டும் பூனைக்குரல்.

நான் தட்டுவதுதான் இப்போது இங்கே வேடிக்கை. எந்தத் தாங்குகிற சுவரைக் கடந்தாலும் என் கை தானாகப் போய்த் தட்டிவிடுகிறது. டொம், டொக், டிக். மனசுக்குள் வார்த்தையைச் சொல்லிக்கொண்டே தட்டுவேன். முதலில் இடி கேலி செய்தார். பிறகு அவரே கண்டுபிடித்துவிட்டார், நான் சில சுவரில்தான் தட்டுகிறேன், சிலதில் தட்டுவதில்லை என்று. இப்போது சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்கு டிபன் பாக்ஸில் டொம், டொக், டிக். யாராவது அதிகமாகப் பாரம் தூக்கினால் அவர் முதுகிலும் தட்டுகிறார்கள்.

டீச்சர் ஒன்று சொன்னாள். அந்தக் கோடு கண்ணுக்குத்தான், வாய்க்கு இல்லை. எழுதும்போது கோடு போடு, சொல்லும்போது அங்கே நிற்காதே, ஒரே மூச்சில் போ என்றாள். நான் அங்கே இளைப்பாறலாம் என்று இருந்தேன். நேற்றுக் குளியலறையில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் அக்கா. கண்ணாடிக்கு மட்டும் கேட்டது. எனக்கு அழுகை வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். மாத முடிவில் கட்டடத்தின் சொந்தக்காரர் வருகிறார். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து கீழ்த்தளத்தைச் சுற்றி நடப்போம். ஒவ்வொரு சுவர் முன்னாலும் நின்று இது தடுப்பு, இது லோட்-பேரிங் என்று நான் வாயால் சொல்லவேண்டும். சொல்லச் சொல்ல இடி வேலையை ஆரம்பிப்பார். சுவரில் போட்டிருந்த சிவப்பு, நீல அடையாளமெல்லாம் போய்விட்டது, ஈரம் எவ்வளவு என்று பார்க்கக் காரையை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டார்கள். எல்லாச் சுவரும் இப்போது ஒரே மாதிரி செங்கல் தெரிய நிற்கிறது. அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும். அன்றைக்குச் சொல்லிவிட்டால் இந்த வேலை எனக்குத்தான்.

நீ ஒன்றும் செய்யவேண்டாம். நினைத்துக்கொண்டால் போதும்.

தம்பி

மார்ச் 22

சின்னவனே,

கோபப்படாமல் படி. உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு பேர் முன்னால், சொந்தக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நீ ஒவ்வொரு சுவராக நின்று திணறுவதுதான் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. அவர்கள் சிரித்துவிட்டால்? அன்றைக்கு உனக்கு அந்த வார்த்தை வராமலே போய்விட்டால்? அதற்குப் பிறகு நீ எந்தப் பேச்சுக்கும் வாயைத் திறக்கமாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும்.

அவசரத்துக்கு என்று நீ கொடுத்துவைத்திருந்த எஞ்சினியர் நம்பருக்குப் போன் செய்தேன். "அவனுக்குப் பேச்சு வராதுங்க. கூட்டத்துல நிக்க வச்சா தவிச்சுப் போயிடுவான். அன்னிக்கு மட்டும் வேற யாரையாவது சொல்லச் சொல்லுங்க" என்றேன். தங்கமான மனுஷன். ஒரு கேள்வி கேட்கவில்லை. மேஸ்திரியைச் சொல்லவைக்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார்.

வேலைக்கு ஒன்றும் ஆகாது. நான் பக்குவமாகத்தான் பேசினேன். இனி நீ நிம்மதியாக இரு. அத்தான் மட்டும், உனக்கு இது தேவையா என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

நீ எழுதுவதற்கு முன்பே எஞ்சினியர் சொல்லிவிட்டார். தோளில் தட்டிச் சொன்னார். அந்த இரக்கத்தை என்னால் இன்னும் துடைத்துப் போட முடியவில்லை.

பேச்சு வராது. ஊரில் யார் யாரோ என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், நான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த இரண்டு வார்த்தையை நீ சொல்லுவாய் என்று நினைக்கவில்லை. எனக்குப் பேச்சு வரும். நேரமாகும். அவ்வளவுதான்.

இதுவரை என் வாயில் இருந்த வார்த்தைகளைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாய். இந்தத் தடவை வேலையையும் எடுத்துக் கொடுத்துவிட்டாய். மேஸ்திரி சுவர் காட்டுவார். நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடப்பேன். பிறகு கழிப்பறைப் பக்கத்து மேசைக்குப் போவேன்.

இனி எனக்கு எழுதவேண்டாம்.

ஏப்ரல் 6

தம்பி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியிருந்தாயே, அதைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். நீ திட்டியது நியாயம். அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாளாயிற்று.

நேற்று ஒன்று நடந்தது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

மேசைக்கு ஒரு ஆள் வந்தார். சட்டை கசங்கி, கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. உன்னைப்போலத் திக்கல் இல்லை, ஏதோ தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி. வழக்கமாக நான் என்ன செய்வேன்? கண் டாக்டரா, இரண்டாவது மாடி, இந்தாங்க டோக்கன் என்று முடித்து அனுப்பியிருப்பேன். கை டோக்கனைக் கிழித்தும்விட்டது. அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. நேரமாகும், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாயே. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவரைவிட எனக்குத்தான் தவிப்பு தம்பி.

கடைசியில் அவர் சொன்னார். "எனக்குப் பொண்ணு பொறந்திருக்கும்மா. இங்க எனக்கு யாரும் இல்ல. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

நான் அவருக்குக் கண் டாக்டர் டோக்கன் கிழித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உனக்கு முடித்துக் கொடுத்ததில் எத்தனை இப்படித் தப்பாகப் போயிருக்கும்? நீ வேறு எதையோ சொல்ல வந்து, நான் ஒன்றைத் திணித்து, போகட்டும் என்று நீயும் தலையாட்டிவிட்டு எத்தனை தடவை போயிருப்பாய்? இதைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

எஞ்சினியருக்கு மறுபடி போன் செய்து நான் சொன்னது தப்பு என்று சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு அதுவும் உனக்காக நான் பேசுவதுதானே என்று விட்டுவிட்டேன். என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லும்வரை சும்மா இருக்கிறேன். அதுதான் எனக்கு வராத வேலை.

உன் அக்கா

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். எனக்கும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் படித்துவிடு, பிறகு மற்றதைப் படி. இல்லாவிட்டால் நடுவிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாய்.

சொந்தக்காரர் வருவது தள்ளிப்போய்ப் போன வாரம்தான் வந்தார். மேஸ்திரி முன்னால் நடந்து கையை நீட்டி நீட்டிக் காட்டினார். நான் கடைசியில். எல்லாம் சரியாகத்தான் போனது. அப்போது சொந்தக்காரர் மேல்மாடியைப் பார்க்கவேண்டும் என்றார். எஞ்சினியர் அவரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார், என்னையும் வரச் சொன்னார். கீழே மேஸ்திரியும் இடியும் மட்டும். சொந்தக்காரர் திரும்பி இறங்குவதற்குள் ஒரு சுவராவது விழுந்திருக்கவேண்டும் என்று மேஸ்திரிக்கு வேகம். நடைவழிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, காரை போன பிறகு இரண்டும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும். ஒன்று தடுப்பு. மற்றது மேல்மாடி மொத்தத்தையும் தாங்குகிறது. மேஸ்திரி மற்றதைக் காட்டிவிட்டார்.

நான் படிக்கட்டில் பாதியில் இருந்தேன். முதல் அடி விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு செங்கல் பிதுங்கி வெளியே வந்திருந்தது. கூரையிலிருந்து மாவு சலித்ததுபோலத் தூசி கொட்டியது. இடி மறுபடி சம்மட்டியை ஓங்கிவிட்டார். இறங்கி ஓடலாம் என்றால் நடுவில் இடித்த கல் குவியல். கத்தவேண்டும். 'ல' என்று வாயைத் திறந்தேன்.

வரவில்லை அக்கா. நாக்கு போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு மேலே இரண்டு பேர் மாடியில் நிற்கிறார்கள், கீழே இரண்டு பேர், என்னிடம் ஒரே ஒரு வார்த்தை, அது வரவில்லை.

கையில் அளவுக்கம்பி இருந்தது. படிக்கட்டுப் பிடி இரும்புக் குழாய். என்ன செய்கிறேன் என்று யோசிக்கக்கூட இல்லை, ஓங்கி ஒன்று அடித்தேன், தணித்து ஒன்று, நுனியால் ஒன்று. கட்டடம் முழுக்கக் கேட்டது.

சம்மட்டி அந்தரத்தில் நின்றது.

அந்தப் பூனைக்குரலில் இடி கேட்டார். "என்ன தம்பி, இது அதுவா?"

நான் தலையாட்டியிருக்கலாம். தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். மேஸ்திரிகூட என் முகத்தைப் பார்த்து அதற்குள் வெளுத்துப் போய்விட்டார். ஆனால் எனக்குத் தலையாட்டப் பிடிக்கவில்லை. நானே சொல்லவேண்டும் என்று இருந்தது. குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடியில் எஞ்சினியரும் சொந்தக்காரரும் எட்டிப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இடி சம்மட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை, தூக்கிப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் ஆயுசில் யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. பாவம், சம்மட்டி வேறு நல்ல கனம்.

"லோட்-பேரிங்" என்றேன். கோட்டில் நிற்காமல், ஒரே மூச்சில். மூத்த பிள்ளைக்கு முழுச் செல்லத்தோடு.

பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எஞ்சினியர் ஓடிவந்து படத்தைப் பிரித்துப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் இரும்பு முட்டுக் கொடுத்து, இரண்டு செங்கல்லையும் திரும்ப வைத்துப் பூசியாயிற்று. சொந்தக்காரர் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி டீ வாங்கிக்கொண்டு வந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். மறுநாளிலிருந்து நான் வாயைத் திறந்தால் அவர் வாயை மூடிக்கொள்கிறார்.

எஞ்சினியர், "பேச்சு வராதுன்னு சொன்னாங்களேப்பா" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமாயிற்று, அவரும் இருந்து கேட்டார். இனி சுவர் காட்டுவது நான்தான். மேசை வேறு ஆளுக்குப் போய்விட்டது, பாவம் அவன் மூக்கு.

உன் போன் இல்லாவிட்டால் அன்றைக்கு மேஸ்திரி காட்டியிருக்கமாட்டார். அது உனக்கே இப்போது தெரியும். அதனால் திட்டவில்லை. என் கோபம் அந்தப் படிக்கட்டிலேயே போய்விட்டது. நீ எழுதிய அந்த ஆளை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. பெண் குழந்தை பிறந்ததைக் கேட்க யாரோ ஒருத்தி இருந்தாளே.

நீ பயந்து பயந்து கேட்டதற்குப் பதில்: ஆமாம், நிறையத் தடவை தப்பாகத்தான் முடித்திருக்கிறாய். ஒரு தடவை நான் நீலச் சட்டை கேட்க வந்தேன், நீ கட்டம்போட்டது வாங்கிக் கொடுத்தாய். அதைக் கிழிகிறவரைக்கும் போட்டேன்.

ஒன்றே ஒன்று புரிந்துகொள் அக்கா. நான் ஒரு எழுத்தில் நிற்கும்போது, நான் தவிக்கிறேன் என்று நினைக்கிறாய். நான் வந்துகொண்டிருக்கிறேன். மெதுவாக வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் செய்கிறேன். எடு. ஒன்றும் சொல்லாதே. எவ்வளவு நேரமானாலும் வைத்துவிடாதே.

உன் தம்பி

ஏப்ரல் 20

என் தம்பிக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்தும் நான் செருப்பை மாட்டிவிட்டேன். அத்தான்தான் வாசலில் மறித்து, முழுசாகப் படி என்றார். படித்தேன். அந்தச் சம்மட்டி இரண்டாவது தடவை விழுந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருகிறேன். நான் வைத்த வினை அது. நீ திட்டியிருந்தால்கூடத் தேவலை. நீ நன்றாக இருக்கிறாய், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். இடிக்கு என் சார்பில் ஒரு நல்ல சட்டை வாங்கிக் கொடு. என்ன நிறம் என்று அவரையே கேள்.

நேற்று மூன்று மணிக்கே போன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன், என்னை நான் நம்பவில்லை. அத்தான் அதைப் பார்த்துவிட்டு, கல்யாணமான நாளிலேயே இது உனக்குத் தோன்றியிருக்கக்கூடாதா என்றார்.

மணி அடித்தது. எடுத்தேன். நீ 'அ' என்றாய். அங்கேயே நின்றாய்.

தம்பி, எத்தனை கேள்வி என் தொண்டைவரை வந்தது தெரியுமா? சாப்பிட்டாயா, தூங்குகிறாயா, தொப்பி போடுகிறாயா. எல்லாவற்றையும் கைக்குட்டையோடு சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் லைன் போய்விட்டதா என்று ஜாடை காட்டினார். இல்லை என்று கையை ஆட்டினேன். நீ மூச்சுவிடுவது கேட்டது. மேசையில் ஏதோ தட்டுவதும் கேட்டது, மெதுவாக. அப்போதுதான் எனக்குப் பயம் போயிற்று. நீ எழுதியது சரி, நீ வந்துகொண்டிருந்தாய். நான் வாசலில் நின்றால் போதும்.

"அக்கா" என்றாய்.

போனில் நீ என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. உன் குரல் இப்படி ஆகியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அப்பா குரல் மாதிரி இருக்கிறது.

கைக்குட்டையை எடுத்துவிட்டு, தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாள் முழுக்க நூறு பேரைக் கூப்பிடுகிற வாய். 'த' என்றதோடு நின்றுபோயிற்று. அழுகை அடைத்துக்கொண்டு ஒரு எழுத்துக்கூட மேலே நகரவில்லை. த, த என்று நின்றேன். உனக்குத் தெரிந்திருக்கும் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று. ஒரு நொடியில் நீ முடித்துவைத்திருக்கலாம்.

நீ முடித்துவைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை இருந்தாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்கு எடுப்பேன். பேசாமல் காத்திருப்பேன் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் இன்னும் நம்பவில்லை.

உன் அக்கா